பசியை உபவாசம் என்று சொன்ன நாட்கள்

போன வருஷம் மே மாதம் எங்கள் வீட்டில் சோறு தீர்ந்துபோனது. ஒரே நாளில் தீரவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்தது. அந்த நாட்களில் ஆண்டவர் எனக்கு என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சபையில் மைக் பிடித்துச் சொல்லச் சொன்னார்கள். மைக்கில் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதுவும் இந்த விஷயத்தை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

என் பெயர் சுகந்தி. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் ஒற்றை அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள வாடகை வீடு. என் வீட்டுக்காரர் தேவராஜ், அம்பத்தூர் தொழிற்பேட்டையில், இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் வேலையில் இருந்தார். தகடு தூக்கித் தூக்கி முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. பொங்கலிலிருந்து படுக்கைதான். பாத்ரூமுக்குப் போவதென்றால்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு போவார். மூத்தவள் ஜெனிக்குப் பதினாலு வயது. சின்னவள் ரூபிக்கு எட்டு. நான் இரண்டு அபார்ட்மென்ட் வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் நடக்கிறவரை எப்படியோ ஓடியது. பிள்ளைகள் இரண்டும் அரசுப் பள்ளி. மதியம் அங்கே சத்துணவும் முட்டையும் கிடைக்கும். சின்னவளுக்குக் காலையிலும் உண்டு. பள்ளி மூடியதும் அந்தச் சாப்பாடு நின்றது. அதே வாரம் நான் வேலை பார்த்த இரண்டு வீட்டாரும் லீவுக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். "வந்ததும் கூப்பிடுறோம்" என்றார்கள். ரேஷன் அரிசி இல்லையா என்று கேட்பீர்கள். எங்கள் பெயர் இன்னும் மாமனார் வீட்டுக் கார்டில்தான் இருக்கிறது. அங்கிருந்து பாதி அரிசி வரும். அது மாதக் கடைசிவரை தாங்காது.

என் கெட்ட குணத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சமையல் என்றால் எனக்குத் தலையில் கொம்பு முளைத்துவிடும். சபையில் கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு உப்பு பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒன்றுமில்லாததை வைத்து ஒரு சாப்பாடு செய்துவிடுவேன் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. முள்ளங்கி வாங்கினால் கிழங்கு சாம்பாருக்கு, இலை பொரியலுக்கு. பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு. தர்பூசணிக் கடையில் தூக்கிப் போடுகிற தோலைக் கேட்டு வாங்கி, பச்சையைச் சீவிவிட்டு வெள்ளையில் கூட்டு வைப்பேன். ஒரு முட்டையை அடித்துக் கொதிக்கிற குழம்பில் ஊற்றினால் நாலு தட்டிலும் முட்டை தெரியும். எண்ணெய் அரைக் கரண்டிதான். ஆனால் கடுகும் கறிவேப்பிலையும் நன்றாகப் பொரியவிட்டுத் தாளித்தால் வாசனை நாலு வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாகக் கேட்பார், "இன்னா சுகந்தி, கமகமன்னு கீது? ஊட்டுக்கு யார்னா வந்துகிறாங்களா?"

"அதெல்லாம் இல்லக்கா, சும்மாதான்" என்பேன். அடுப்பில் இருப்பது வெறும் புளித்தண்ணீர்.

அந்த நாட்களில் நான் தினமும் இரண்டு ஜெபம் செய்தேன். இயேசப்பா, என் பிள்ளைகள் வயிறு காயக் கூடாது. இது ஒன்று. எங்கள் நிலைமை யாருக்கும் தெரியக் கூடாது. இது இன்னொன்று. உண்மையைச் சொன்னால், இரண்டாவதைத்தான் அதிக அழுகையோடு கேட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வடித்த சோறு மூன்று பேருக்குத்தான் வந்தது. அவருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரூபி வாயில் சோற்றோடு கேட்டாள், "நீ சாப்பிடலையாம்மா?"

"அம்மா இன்னைக்கு உபவாசம்டி" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. சொன்னதும் எனக்கே அது நல்ல பதிலாகத் தெரிந்தது. மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் படுத்தபடியே கேட்டார், "எதுக்குப் புள்ள உபவாசம்?" உங்கள் முதுகுக்காகத்தான் என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கூனிக்குறுகிப் போனேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

சமைக்கும்போது வடிகஞ்சியை ஒரு டம்ளரில் பிடித்து வைப்பேன். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது உப்புப் போட்டு நின்றபடியே குடித்துவிடுவேன். அதுதான் என் சாப்பாடு. சில நாள் பிள்ளைகள் மிச்சம் வைத்த பருக்கையும் உண்டு.

பாஸ்டர் ஐயா என் வீட்டுக்காரரைப் பார்க்க வந்தபோது இவர் பெருமையாகச் சொல்லிவிட்டார், என் பெஞ்சாதி எனக்காக நாற்பது நாள் உபவாசம் இருக்கிறாள் என்று. நாற்பது என்று நான் சொல்லவே இல்லை. அதை அவராகச் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு அது மேடையில் அறிவிப்பாக வந்தது. சபை முழுக்கக் கைதட்டியது. அன்றிலிருந்து என்னைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஜெபிங்க சிஸ்டர். மகனுக்கு விசா வரவில்லை, ஜெபிங்க சிஸ்டர். எனக்கோ எழுந்து நின்றால் கண் இருட்டும். அவர்கள் தலையில் கை வைத்தபடி நான் அவர்கள் வீட்டில் இன்று என்ன குழம்பு என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ஆண்டவர் என்னை மன்னிப்பாராக.

ஒரு வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் நடந்தது. முடிந்ததும் எல்லாருக்கும் வாழையிலையில் சாப்பாடு. ஆட்டுக்கறிக் குழம்பு, அப்பளம், பாயசம். நானும் ஒரு இலைமுன் உட்கார்ந்தேன். இன்றைக்கு ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிச் சாப்பிட்டுவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அந்த வீட்டம்மா ஓடிவந்து என் முன்னாலிருந்த இலையை எடுத்துவிட்டார். "ஐயோ, சிஸ்டர் உபவாசமாச்சே! அவங்க முன்னாடி எலய போட்டுகினு, இன்னாமே நீங்க!" என்று பரிமாறுகிறவர்களைத் திட்டினார். நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய? அப்போது எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த ஜெனி தன் இலையை மெதுவாக முன்னால் தள்ளினாள். "எனக்கும் வேணாம் ஆன்ட்டி. நானும் எங்கம்மாகூட உபவாசம்."

"பாருங்க, இந்த வயசுல எவ்ளோ பக்தி!" என்றார்கள். ரூபி மட்டும் இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்து ஜெனியைத் திட்டினேனா? கொஞ்சம் திட்டினேன். வளர்கிற பிள்ளை, இதெல்லாம் உனக்கு வேண்டாம் என்றேன். மறுநாள் சாயங்காலமும் அவள் தட்டு எடுக்கவில்லை. அன்று சோறு இரண்டு பேருக்குத் தாராளமாக வந்தது. சகோதரிகளே, அதைப் பார்த்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஒரு தட்டு குறைந்த நிம்மதி. பெற்ற தாய்க்கு வந்த நிம்மதி அது. பொய் சொன்னதைவிட, பசியைவிட, அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் அவளை வற்புறுத்தவில்லை. ஒரு வாய் சாப்பிடு என்று கெஞ்சவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவள் அப்படியே இருந்தாள். நான் அப்படியே விட்டேன்.

ஜூன் பிறந்தது. பள்ளி திறக்க இன்னும் சில நாட்கள் இருந்தன. வெயில் குறைகிற மாதிரியே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம். எங்கள் சபைக்கு மேலே தகர ஷீட். உள்ளே அனல் அடிக்கும். பாட்டும் ஜெபமும் உச்சத்தில் இருந்தபோது ஜெனி நின்ற இடத்திலேயே சரிந்தாள். அப்படியே தரையில் மல்லாந்து விழுந்தாள்.

எங்கள் கூட்டத்தில் ஆவி இறங்கி அபிஷேகத்தில் விழுகிறவர்கள் உண்டு, உங்களுக்குத் தெரியும். அதனால் யாரும் பதறவில்லை. ஒரு சகோதரி துப்பட்டாவை எடுத்து அவள் கால்மேல் போர்த்தினார். இன்னொருவர், "அம்மா இருந்த உபவாசம் பொண்ணு மேல எறங்கிடுச்சு!" என்றார். கைதட்டல் அதிகமானது. ஸ்தோத்திரச் சத்தம் அதிகமானது. நான் அவளைப் பார்த்தேன். உதடு சுண்ணாம்பு மாதிரி இருந்தது. எனக்குத் தெரியும். அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனாலும் நான் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்காதீர்கள். வாயில் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே நின்றேன்.

கடைசி வரிசையில் பாக்கியம் அக்கா இருந்தார். பஸ் நிற்கிற இடத்தில் தள்ளுவண்டியில் இட்லிக் கடை போடுகிறவர். கூட்டத்துக்குப் பாதியில்தான் வருவார். வந்ததும் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவார். வாயில் எப்போதும் பாக்கு. இவரெல்லாம் எதற்குக் கூட்டத்துக்கு வருகிறார் என்று நான் எத்தனையோ தரம் முகத்தைச் சுளித்திருக்கிறேன். அவர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஜெனியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"அய்ய, நிறுத்துங்கமே! கண்ணு வெளுத்துப் போய் கீது. கை ஐஸா கீது. ஏ சுகந்தி, பொண்ணு சாப்ட்டு எத்தினி நாளாவுது?"

பாட்டு நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உபவாசம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் தப்பித்திருக்கும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ஆண்டவர் என் தொண்டையில் கை வைத்துத் தடுத்தார் என்றுதான் நான் நம்புகிறேன். அதற்குப் பதில் வேறொன்று வந்தது, சத்தமாக, அழுகையாக.

"ஊட்டுல அரிசி இல்லக்கா! உபவாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சோறு இல்லக்கா!"

என் வாழ்நாளில் நான் செய்த உண்மையான ஜெபம் அதுதான். ஆனால் அதை நான் பாக்கியம் அக்காவின் முகத்தைப் பார்த்துச் செய்தேன். அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. ஜெனியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். நான் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினேன்.

அரசு மருத்துவமனையில் அந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "பொண்ணு உடம்புல ரத்தமே இல்லம்மா. வயசுக்கு வந்த பொண்ணு. இப்படியா விடுவீங்க? ரத்தம் ஏத்தணும். இதயம் ரொம்பக் களைச்சுப் போயிருக்கு. பார்க்கலாம், இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். திட்டினார். நன்றாகத் திட்டினார். அதைவிட அதிகமாக எனக்குத் தகும்.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. சபையிலிருந்து இரண்டு தம்பிகள் வந்து ரத்தம் கொடுத்தார்கள். நான் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் தலையில் கை வைத்து மூச்சு விடாமல் ஜெபித்தவளுக்கு என் பிள்ளைக்காக ஒரே ஒரு வரிதான் வந்தது. ஆண்டவரே, நான் பொய் சொன்னேன், இவளை எடுத்துக்கொள்ளாதேயும். இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பதில் ஏதும் கேட்கவில்லை. அவர் என்மேல் கோபமாக இருக்கிறார், என்னை விட்டுப் போய்விட்டார் என்றே முடிவு செய்துவிட்டேன். அந்த இரண்டு நாளைப் போல ஒரு வெறுமையை நான் அறிந்ததில்லை.

மூன்றாம் நாள் காலை ஜெனி கண்ணைத் திறந்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அம்மா, நீ சாப்ட்டியா?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ அடுப்பாண்ட நின்னுகினு கஞ்சித் தண்ணி குடிப்பியே, நான் பாத்தேம்மா. மொத நாளே பாத்துட்டேன். நீ சாப்ட்டாதான் நானும் சாப்டுவேன்."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பக்தியில் இருந்ததல்ல அது. எனக்காக இருந்தது. அப்போது பாக்கியம் அக்கா வண்டிக் கடையை முடித்துக்கொண்டு ஒரு தூக்குவாளியோடு உள்ளே வந்தார். நாலு இட்லி, சாம்பார். "இன்னாமே பாத்துகினு கீற? நீ மொதல்ல துன்னு" என்றார். பிள்ளை பார்க்க, நர்ஸ் பார்க்க, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பார்க்க, நான் அழுதுகொண்டே இரண்டு இட்லி சாப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் ஜெனி வாயைத் திறந்தாள்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் சந்தேகம்தான் புள்ள. அரிசி டப்பா சத்தம் இங்க படுத்துகினா நல்லா கேக்கும். ஆனா கேட்டுட்டு நான் இன்னா பண்ணுவேன்? அதான் நாற்பது நாள்னு ஐயாகிட்ட பெருசா சொல்லிட்டேன்" என்றார். ஒரே அறையில் நாலு பேர் இருந்தோம். மூன்று பேருக்கு உண்மை தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

இதற்குமேல் பெரிய அற்புதம் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அவர் முதுகு இன்னும் சரியாகவில்லை. உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற அளவுக்கு வந்திருக்கிறார். ஜெனி இன்றும் மாத்திரை சாப்பிடுகிறாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முன்போல ஆகுமா என்று டாக்டரம்மா உறுதியாகச் சொல்லவில்லை. சபையில் சிலர் என்னைப் பார்த்தால் இப்போதும் பேச்சை நிறுத்துகிறார்கள். பொய் உபவாசக்காரி என்று பின்னால் சொல்வது காதில் விழுகிறது. விழட்டும். சொல்வது பொய்யில்லையே. மாதக் கடைசியில் அரிசி டப்பா இன்றும் அடி தட்டத்தான் செய்கிறது. பல நாள் காலையில் எழும்போது இதெல்லாம் எங்கே போய் முடியும் என்று ஒன்றும் புரிவதில்லை.

ஆனால் இதை மட்டும் சொல்வேன். பாக்கியம் அக்கா என்னை விடியற்காலையில் கடைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். நான் சட்னி அரைத்து, சாம்பாருக்கு நறுக்கிக் கொடுக்கிறேன். சம்பளத்தோடு ஒரு தூக்குவாளி மாவும் தருகிறார். பாஸ்டர் ஐயா வீட்டுக்கு வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "எத்தனை நாள் உபவாசம்னு கேட்டேனே, வீட்ல என்ன சமைச்சீங்கன்னு ஒரு நாளும் கேக்கலையேம்மா" என்று கண் கலங்கினார். இப்போது வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்ததும் ஒரு பெரிய அண்டாவில் கஞ்சி வைக்கிறோம். இருக்கிறவர்கள் பையில் அரிசி கொண்டுவந்து மூலையில் உள்ள டிரம்மில் கொட்டிவிடுவார்கள். யார் கொட்டினார்கள், யார் கொட்டவில்லை என்று யாரும் பார்ப்பதில்லை. குடிக்க எல்லாரும் உட்காருகிறோம். அண்டாவுக்கு உப்பு பார்ப்பது நான்தான். அந்தக் கொம்பு மட்டும் இன்னும் முழுசாக விழவில்லை.

நான் கேட்ட இரண்டு ஜெபத்தில் ஆண்டவர் ஒன்றைத்தான் கொடுத்தார். பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்க, யாருக்கும் தெரியக் கூடாது என்ற இன்னொன்றை உடைத்துவிட்டார். அதை உடைத்தபோது எனக்கு வலித்த வலி கொஞ்சமல்ல. இதைப் படிக்கிற சகோதரி யாராவது, வீட்டில் சோறில்லாததை உபவாசம் என்றோ, பசியில்லை என்றோ, சாயங்காலமே சாப்பிட்டுவிட்டேன் என்றோ சொல்லிக்கொண்டிருந்தால், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆண்டவரை நம்புங்கள். நம்பி, ஒரே ஒருவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஆண்டவர் கேட்கிற காது சில நேரம் கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருக்கும். உங்கள் பிள்ளை விழுகிறவரை காத்திருக்காதீர்கள்.

நேற்று வீட்டில் சோறும் தக்காளி ரசமும், கொஞ்சம் முள்ளங்கி இலைப் பொரியலும். நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தோம். ஜெனி தட்டைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு என் முன்னால் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா."

அந்தப் பிள்ளை எத்தனையோ மாதம் கழித்து மறு சோறு கேட்டது நேற்றுதான். சட்டியில் ஒரு கரண்டி சோறு இருந்தது. முழுவதையும் அவளுக்குப் போடத்தான் கை போனது. அவள் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியை அவளுக்குப் போட்டேன், பாதியை எனக்குப் போட்டுக்கொண்டேன்.

"இவ்ளோதான்டி. தீந்துபோச்சு" என்று சொன்னேன்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிட்டாள். தீர்ந்துபோச்சு என்று என் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் கொடுத்த ஆண்டவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.